கவுத்துப் போட்ட வாளியும் ரெண்டாங்கிளாஸும்

இல்ல அண்ணாச்சி, அது கக்கூஸ் வாளி இல்ல. நீங்க பெற்றோர் வாட்ஸப் குரூப்புல போட்ட வாய்ஸ் மெசேஜக் கேட்டுட்டு பாதி பேரு அப்படித்தான் நம்பிட்டு இருக்காவ. அது செடிக்குத் தண்ணி ஊத்துத வாளி. அடியில கீறல் விட்டு, தண்ணி நிக்காம மூலையில கெடந்தது. கொட்டடிக்கவா பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம்னு கேட்டிய. நான் வகுப்பு எடுக்கத் தெரியாம பாட்டுப் பாடி நேரத்த ஓட்டுதேன்னும் சொன்னிய. மூணு நிமிசம் பேசிருக்கிய. நானும் நாலு விசயம் சொல்லணும்லா.

தெரியாதவங்களுக்குச் சொல்லிருதேன். அண்ணாச்சி எங்க பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கழகத் தலைவர், பாளையங்கோட்டையில பாத்திரக்கடை. நான் ஆசிரியர் பயிற்சி ரெண்டாம் வருசம். அவிய மகன் படிக்குத ரெண்டாங்கிளாஸுக்குத்தான் என்னப் போட்டிருக்காவ. பயிற்சி டீச்சர் வேலைன்னா என்னன்னு கேட்டா, எந்த டீச்சர் லீவோ அது நம்ம வகுப்பு, எந்தப் பிள்ளை அழுதோ அது நம்ம பிள்ளை, எது தப்பாப் போனாலும் அது நம்ம தப்பு. பாட நோட்டும் கையுமா அலையுத, என்கூடப் பயிற்சி படிக்குத சேக்காளிகளுக்கு இது தெரியும். அவியளும் படிக்கட்டும்.

இப்ப நெலமை இதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பொறவு எங்க கிளாஸுல அரைமணி பாட்டு இருந்துச்சு. திங்கக்கிழமையோட அத நிப்பாட்டியாச்சு. வாளிய ஸ்டோர் ரூமுல வச்சுப் பூட்டியாச்சு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல, இசக்கிமுத்துங்கற ஏழு வயசுப் பையனுக்கு டி.சி. குடுத்து அனுப்பணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாவ.

தாலாட்டுக்குக் கெடச்ச கடி

மொத வாரம். பக்கத்துப் பையன் ரப்பரத் தொட்டாலே போதும், இசக்கிக்கு காது செவந்துரும். கையில கெடச்சத எறிவான். அன்னைக்கு டிபன் பாக்ஸ் மூடி பறந்துச்சு. கோவப்படுத குழந்தைக்கு மெல்லிசை நல்லதுன்னு எங்க பாடப் புத்தகத்துல போட்டிருக்கு. நானும் அத அப்படியே நம்பி, அவன இழுத்து மடியில உக்கார வச்சு, எங்கம்மா பாடுத தாலாட்டு ஒண்ண பைய்யப் பாட ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரி முடியல, முழங்கைக்கு மேல பல்லு பதிஞ்சுட்டு. தடம் மூணு நாளு இருந்துச்சு.

அழுதது அவன் இல்ல, நான். கொழாயில கையக் கழுவிட்டு நிக்கும்போது பாத்திமா வந்து பக்கத்துல நின்னா. மேலப்பாளையத்துலேர்ந்து வார பிள்ளை, இதே கிளாஸுதான். என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சாதாரணமாச் சொன்னா: "அவன் ஓடிக்கிட்டு இருக்கான் டீச்சர். நீங்க நடந்துக்கிட்டே பாடுதிய."

பாவநாசத்துலேர்ந்து கடல் வரைக்கும்

அந்தப் பிள்ளை சொன்னது ராத்திரி முழுக்க மண்டைக்குள்ள கெடந்துச்சு. மறுநாள் அவன் டெஸ்க ஓங்கி ஓங்கிக் குத்தும்போது நான் தடுக்கல. மூலையில கெடந்த வாளியக் கவுத்து அவன் முன்னால வச்சேன். அவன் அடிச்சான். அதே வேகத்துல நான் டெஸ்கத் தட்டினேன். வாய்க்கு எதாவது வேணும்லா, அன்னைக்கு நடத்தின பாடத்துல தாமிரபரணி இருந்துச்சு. பாவநாசம் அம்பாசமுத்திரம் பாவநாசம் அம்பாசமுத்திரம்னு மூச்சு விடாம கத்த ஆரம்பிச்சேன். கிளாஸே சேந்துக்கிட்டு.

மலையிலேர்ந்து எறங்கும்போது ஆறு தடதடன்னுதான் வரும். சேரன்மாதேவிக்கு ஒரு சுத்துக் கொறச்சேன். திருநெல்வேலிக்கு இன்னும் கொஞ்சம். ஸ்ரீவைகுண்டம் வரும்போது சத்தம் பாதி. ஏரலுக்கு விரலு மட்டும். கடலுக்குப் போனதும் உஸ்ஸுன்னு மூச்சு விடணும், அவ்வளவுதான் பாட்டு. நான் கொறைக்கக் கொறைக்க அவன் கையும் கொறைஞ்சத அவனே கவனிக்கல. கடைசியில வாளி மேல கன்னத்த வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். அடங்குலேன்னு யாரும் சொல்லல. அவனே எறங்கி வந்தான், நாங்க கூட வந்தோம். கதவோரமா நின்னு பாத்த வகுப்பு டீச்சர் ஜெயராணி, இருபது வருசமா பிள்ளையளப் பாத்தவிய, சொன்னாவ: "அடிக்கட்டும். வாளிக்கு அம்மா கெடையாது, சண்டைக்கு வரமாட்டா."

சந்தோசப் பாட்டு

கோவம் மட்டும்தான் பிள்ளையளுக்கு வரும்னு நெனைக்காதிய. பாத்திமாவோட அப்பாவுக்கு, அவ வாப்பான்னு சொல்லுவா, துபாயில வேலை. லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போனாவ. மறுநாள் அந்தப் பிள்ளை ஆஜருக்குக் கூட வாயத் தொறக்கல. நான் என்ன செஞ்சேன்? குரங்கு, யானை, தொப்பைன்னு இருக்குத துள்ளாட்டப் பாட்டா எடுத்து, எல்லாரையும் குதிக்க வச்சேன். அழுத பிள்ளைக்கு முட்டாயக் காட்டுத மாதிரி. அவ சொவரப் பாத்துத் திரும்பி உக்காந்துட்டா.

பொறவு எல்லாரையும் உக்கார வச்சு, வாய மூடி "ம்ம்ம்"னு ஒரே சுருதியில முனங்கச் சொன்னேன். சொல்லு கெடையாது, கதை கெடையாது. டெஸ்குல காத வச்சா அந்த அதிர்வு கேக்கும். அவ காத வச்சா. கொஞ்ச நேரங்கழிச்சு அவ டெஸ்கும் முனங்குச்சு. போகும்போது, குதிச்சுப் பாடினது ஏன் பிடிக்கலன்னு கேட்டேன். "சந்தோசப் பாட்டு நாளைக்குப் பாடலாம் டீச்சர். வாப்பா நேத்துதான போனாவ."

விளையாட்டு ஸாரு வைத்தியம்

ஒரு நாள் எனக்குப் பதிலா விளையாட்டு ஸாரு கிளாஸப் பாத்துக்கிட்டாவ. பேசின பிள்ளையள எழுப்பி விட்டு, தண்டனையா ஆத்துப் பாட்ட நாலு தடவ பாட வச்சிருக்காவ. மறுநாள் நான் பாவநாசம்னு ஆரம்பிச்சா ஒரு வாயும் தொறக்கல. "நாங்க என்ன தப்பு செஞ்சோம்"னு ஒருத்தன் கேக்கான். அந்தப் பயத்தக் கழிக்க ஒரு வாரம் ஆச்சு. ஸாருட்ட போய் ஒரு மூச்சுச் சண்டை போட்டேன். அவிய என்னப் பாவமாப் பாத்துட்டுச் சொன்னாவ: "பாட்டுப் பாடினா அடங்கும்னு நீதானம்மா சொன்ன. நாலு தடவ பாட வச்சும் ஒருத்தனும் அடங்கல."

சத்தமே ஆகாதவன்

பாட்டு எல்லாத்துக்கும் மருந்துன்னு நான் சொல்லவே இல்ல அண்ணாச்சி, அது நீங்களாச் சேத்தது. ஜெபின்னு ஒரு பையன். வாளிச் சத்தம் கேட்டா காத ரெண்டையும் பொத்திக்கிட்டு கண்ணுல தண்ணி விடுவான். மொத ரெண்டு நாளு, பழகிரும்னு அவன உள்ளயே உக்கார வச்சேன். அது கொடுமைன்னு எனக்குப் பைய்யத்தான் ஒறைச்சுது. பொறவு வெளிய வாசப்படியில, வேப்பமரத்தப் பாத்து உக்கார விட்டேன். ஒரு நாள் எட்டிப் பாத்தா, உள்ள கேக்குத பாட்டுக்கு அவன் கால் கட்டைவிரல மட்டும் ஆட்டிக்கிட்டு இருக்கான். உள்ள வாரியான்னு கேட்டேன். தலையத் திருப்பாமச் சொன்னான்: "இந்தத் தூரம் போதும்."

நான் செஞ்சது

இனிமே சொல்லப் போறதுதான் நீங்க கோவப்பட்டது. அதுல பாதி நியாயம் இருக்கு, அதையும் எழுதுதேன்.

போன வாரம் பெற்றோர் கூட்டம். எங்க பயிற்சி நிறுவனத்துலேர்ந்து மேற்பார்வைக்கு ஒரு அம்மா வந்திருந்தாவ. எனக்கு மார்க்கு போடுத அம்மா. எனக்குத் தலைக்கு ஏறிட்டு. இவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்கோம், நாலு பேருக்குத் தெரியாண்டாமான்னு, இசக்கிய முன்னால கூப்புட்டு, வாளியக் கவுத்து வச்சு, "கோவம் வந்தா நீ என்ன செய்வ, எல்லாருக்கும் காட்டு"ன்னு சொன்னேன்.

அவனுக்கு அப்பக் கோவமே இல்ல. நல்லாச் சட்டை இன் பண்ணி, தலை சீவி, அம்மாவத் தேடிட்டு நின்ன பையன். ரெண்டு தட்டுத் தட்டினான். பின்னால யாரோ சிரிச்சாவ. யாரோ செல்போனத் தூக்கிப் படம் பிடிச்சாவ. "ஏலே வாளி, நல்லா அடிலே"ன்னு ஒரு சத்தம். நீங்களும் சிரிச்சிய அண்ணாச்சி, நான் பாத்தேன். நானும் சிரிச்சேன், அதையும் மறைக்கல. அவன் காது செவந்தத அந்த எடத்துல தெரிஞ்சிருக்க வேண்டிய ஒரே ஆளு நான். நான் மார்க்கு போடுத அம்மா மொகத்தப் பாத்துட்டு நின்னேன். வாளி பறந்து முன் வரிசையில இருந்த உங்க மகன் நெத்தியில பட்டுச்சு. நெத்தி வீங்கிட்டு. மறுநாளே உங்க கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். இப்பவும் கேக்கேன்.

எல்லாரும் போன பொறவு இசக்கி மேஜைக்கு அடியில உக்காந்திருந்தான். ஏன் எறிஞ்சன்னு கேட்டேன். அழல, கத்தல, என்ன நேராப் பாத்துச் சொன்னான்: "கோவப்படச் சொன்னது நீங்கதான டீச்சர்."

பீடித் தட்டு

செவ்வாக்கிழமை அவன் அம்மாவ வரச் சொல்லி, வெள்ளிக்கிழமை டி.சி. குடுக்கலன்னாலும், இன்னொரு தடவ எதாவது நடந்தா பள்ளிக்கூடத்துல வச்சுக்க முடியாதுன்னு தலைமை ஆசிரியர் சொன்னாவ. எறிஞ்சதுக்கு ஒரு தண்டனையும், எறியாம இருக்கப் படிச்சுக்கிட்ட வழிக்கு ஒரு பூட்டும், ரெண்டும் அடுத்தடுத்த நாளுல. அந்தக்கா பீடி சுத்துதவ. விரலு நுனியெல்லாம் தூளு நெறம். எல்லாத்தையும் நின்னு கேட்டுட்டு வெளிய வந்தா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்.

வீட்டுல எப்படி இருக்கான்னு கேட்டேன். "கோவம் வந்தா என் பீடித் தட்ட எடுத்துக்கிடுதான். எலை, தூளு எல்லாத்தையும் ஒரு ஓரமா வச்சுட்டு, தட்டுல தட்டி அந்த ஆத்துப் பாட்டப் பாடுதான். நானும் தொடையில தட்டுவேன். ஸ்ரீவைகுண்டம் வரும்போது மூச்சு சீராயிருது"ன்னு சொன்னா. முன்னால என்ன செய்வியன்னு கேட்டேன். விரலுத் தூளச் சேலையில தொடச்சா. பொறவு சொன்னா: "அடிப்பேன். அவன் அப்பாவும் வந்து அடிப்பாரு. எல்லாரும் அடிச்ச பொறவு எல்லாரும் அழுவோம்."

அண்ணாச்சிக்கு

சத்தம் ஜாஸ்தின்னு சொல்லுங்க, கதவச் சாத்துதேன். வாளி வேண்டாம்னு சொல்லுங்க, கையத் தட்டுதோம். அரைமணி அதிகம்னா பத்து நிமிசம் குடுங்க. நான் மரியாதை இல்லாமப் பேசுதேன்னு நீங்க நெனைச்சா, என் பயிற்சிச் சான்றிதழுல தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடாண்டாம்னு சொல்லுங்க, ஒரு வருசம் போகும், போகட்டும். ஆனா ஒரு பிள்ளைய நாப்பது பேருக்கு முன்னால வேடிக்கைப் பொருளா நிறுத்தினது நான். சிரிச்சது பெரியவங்க. படம் பிடிச்சது பெரியவங்க. டி.சி. மட்டும் ஏழு வயசுக்காரனுக்கு எப்படி எழுதுதிய?

இந்த ரெண்டு மாசப் பயிற்சியில மொத்தமாத் தெரிஞ்சது, கோவத்த எறக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு ரெண்டாங்கிளாஸுல இருக்கான், அவனத்தான் நாம வெளிய அனுப்பப் பாக்கோம்.

எனக்குத் தனியா போன் பண்ணாதிய, கடைக்குக் கூப்புட்டும் சொல்லாதிய. வாய்ஸ் மெசேஜ் போட்ட அதே குரூப்புல, இசக்கி அம்மாவும் கேக்குத மாதிரி, வெள்ளிக்கிழமைக்கு முன்னால பதில் சொல்லுங்க அண்ணாச்சி: தப்பு யாருது, தண்டனை யாருக்கு?