பவுனக்காவுக்கு நான் சொல்லாத கடைசி அத்தியாயம்

மன்னிக்கவும். இங்கே லைக் போடுவதோடு சரி, எழுதிப் பழக்கமில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

பவுனக்கா போய்விட்டார். நேற்று, புதுப்பட்டினத்தில், நெஞ்சுவலி... வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன்.

மாமல்லபுரத்தில் நான் ரிசப்ஷனில் இருந்த கெஸ்ட் ஹவுஸில் அக்காதான் ரூம் கிளீனிங். வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகும் தடித்தடி மாயாஜாலக் கதைப் புத்தகங்களைச் சேர்த்து வைப்பார். மத்தியானம், மொட்டைமாடியில் பெட்ஷீட் காயும் நேரத்தில், நான் அவற்றைத் தமிழில் சொல்ல வேண்டும்.

ஒருநாள் காலேஜில் படித்த பழைய தமிழ் நாவலை எடுத்துப்போனேன். ஒரு குடும்பப் பெண்ணின் கதை. எனக்கு உயிர். நாலு பக்கம் தாண்டவில்லை...

"யம்மா டிகிரி, நிறுத்து. மாமியா, அடுப்பு, அழுவாச்சி... இதான் எங்க வூட்லயே கீதே. அந்த றெக்க பாம்ப எடு."

டிராகனைத்தான் சொல்கிறார். அதன்மேல் ஏறிப் பறக்கும் ஒரு பெண்ணின் கதை, பாதியில் இருந்தது.

"அதெல்லாம் பொய்க்கா."

"இருந்துட்டுப் போவட்டும். அவ பறக்குறா இல்ல?"

சும்மாவும் கேட்கமாட்டார். "மூணு நாளா பறந்துகினு கீறாளே, இன்னா துன்னா?"

புத்தகத்தில் இல்லை என்றேன்.

"எழுதனது ஆம்பளயா? நீ ரெண்டு இட்லி குட்த்து அனுப்பு."

அதிலிருந்து எல்லாப் பயணத்துக்கும் நானே கட்டுச்சோறு சேர்த்தேன்.

டிராகன் கதையில் கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போது எனக்குக் கேளம்பாக்கத்தில் வேலை கிடைத்தது. புத்தகத்தைக் கையோடு எடுத்துவந்து பஸ்ஸிலேயே முடித்தேன்.

அந்தப் பெண் டிராகனை அவிழ்த்துவிடுகிறாள். இளவரசனைக் கட்டிக்கொள்கிறாள். கடைசிப் பக்கத்தில் விருந்தாளிகளுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா நிறுத்தச் சொன்ன நாவலின் பெண்தான், முடிவில் ஒற்றைப் பையோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள்.

போனில் ஒவ்வொரு முறையும் கேட்பார். "அந்தப் பொண்ணு இன்னாடி ஆனா?"

"நேர்ல வந்து சொல்றேன்க்கா." இரண்டு வருஷமாக இதையேதான் சொன்னேன். முடிவை மாற்றிச் சொல்லத் துணிவில்லை. உள்ளதைச் சொல்லவும் மனசு வரவில்லை.

போன மாதம் சிரித்தார். "நீ எங்க வரப்போற? எம் பொண்ணு ரேவதி கேட்டுகினே இருந்துச்சு, நானே முடிச்சு சொல்லிட்டேன், போ." எப்படி என்று நான் கேட்பதற்குள் யாரோ ரூம் சாவிக்குக் கூப்பிட, வைத்துவிட்டார்.

போய் வாங்க அக்கா.

ரேவதி, நாம் பேசியதுகூட இல்லை. இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். காரியமெல்லாம் முடிந்து, உனக்கு எப்போது முடியுமோ அப்போது... அம்மா அந்தக் கதையை எப்படி முடித்தார் என்று எனக்குச் சொல்வாயா?