மைனஸ் ஒன்று

பெட்டியை அணைக்கு ஏற்றிப்போக ஜீப் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் மேனேஜரிடம் போய், "சார், இன்னைக்கு அனுப்ப வேணாம்" என்றேன்.

எண்பதுகளின் கடைசி. நாயுடுபுரத்தில் இருந்த எங்கள் சிறிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, மலையிலுள்ள ஓர் அணையின் மதகை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டியைச் செய்துகொண்டிருந்தது. மதகை எப்போது திறப்பது என்று அணை இன்ஜினியர்கள் சின்ன புரோகிராமாக எழுதித் தருவார்கள். அது பைட்கோடு என்கிற எண்வரிசையாக மாறி, பெட்டியை ஆளும் மைய மென்பொருளான கர்னலுக்குள்ளேயே ஓடும். தப்பான புரோகிராம் உள்ளே போனால் மதகு கேட்காமல் திறந்துகொள்ளும். அதனால் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே படித்துப் பார்த்து, ஆபத்தானதை மறுக்க ஒரு வெரிஃபயர் இருந்தது. அதை எழுதியவர் பூம்பாறைக்காரர் முருகேசன். சோதிப்பது என் வேலை. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ முடித்த முதல் ஆள் நான்.

முந்தின நாளே எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனால் நான் கொடுத்தவை எல்லாமே ஒழுங்கான புரோகிராம்கள். மனசு ஒப்பவில்லை. காலையில் சீக்கிரமே வந்து வேண்டுமென்றே கெட்டவையாக எழுதினேன். முடிவில்லாத லூப்பை வெரிஃபயர் மறுத்தது. புரோகிராமுக்கென்று நினைவகத்தில் ஒதுக்கிய பதினாறு அறை டேபிளில் பதினேழாவது அறையில் எழுதக் கேட்டேன், மறுத்தது. மைனஸ் ஒன்றாவது அறையில், அதாவது முதல் அறைக்கும் முந்தின இடத்தில், எழுதக் கேட்டேன். விட்டுவிட்டது.

"ஜீப்பு வந்தப்பறமா சொல்றீங்க?" என்று மேனேஜர் கத்தினார்.

முருகேசனுக்கும் கோபம். "மைனஸ் ஒண்ணுன்னு எவன் எழுதப்போறான்? டேம் இன்ஜினியருங்க என்ன கிறுக்கங்களா?"

"கிறுக்கு வேணாங்க. கழிக்கிறதுல ஒரு தப்பு விழுந்தாப் போதும். ஒருவாட்டி ஓட்டிக் காட்டுறேன்" என்றேன்.

மேசையில் மதகுக்குப் பதிலாக ஒரு சிறு மோட்டார் இருந்தது. டேபிளுக்கு முந்தின அந்த இடத்தில்தான் அதை ஓட்டும் கட்டளை இருந்தது. புரோகிராமை ஏற்றியதும் மோட்டார் சுழன்றது. ஒயரைப் பிடுங்கிய பிறகே நின்றது.

முருகேசன் உட்கார்ந்துவிட்டார். "மேல் எல்லைய மட்டும் பாத்திருக்கேன். கீழ விட்டுட்டேன்." பிடுங்கிய ஒயரைக் கையில் எடுத்து, "எங்கய்யா பூண்டு வயலு அந்த அணைக்குக் கீழ ஓடைக்கரையிலதாங்க கெடக்கு" என்றார்.

ஜீப் காலியாகத் திரும்பியது. அடுத்த இரண்டு வாரம் நான் உடைப்பதும் அவர் அடைப்பதுமாக இருந்தோம். இன்னும் இரண்டு ஓட்டைகள் அகப்பட்டன. சரியானதை ஏற்கிறதா என்று பார்த்தால் பாதிச் சோதனைதான் முடிந்தது என்று அங்கேதான் கற்றேன். தப்பானதை மறுக்கிறதா என்பதே மீதி.

கடைசி நாளில் முருகேசன் தானே ஒரு கெட்ட புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தார்.

"இதுக்கும் வெரிஃபயரு மசியுதான்னு பாருங்க. வெரசா."

மறுத்தது. பெட்டியை அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.