அலாரத்தின் கட்டைவிரல்

ஊசிப் பேனாவின் சிறிய கண்ணாடிச் சாளரத்தைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் எங்கள் குடியிருப்புக்காரர் ஒருவர். உள்ளேயுள்ள மருந்து கலங்கியிருக்கிறதா, காலாவதித் தேதி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்தபின், "தெளிவா இருக்கு. பாஸ்" என்று தமக்குத் தாமே அறிவித்துக்கொள்கிறார். இரண்டாவது பேனாவுக்கும் அதே மரியாதை நடக்கிறது. பிறகு இரண்டையும் சிவப்புப் பைக்குள் வைத்து, பையின் காதில் தொங்கும் மஞ்சள் அட்டையில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இது தவறியதே இல்லை.

தொழில் புத்தி வீட்டிலும் விடாது. அலுவலகங்களிலும் கிடங்குகளிலும் சுவரில் தொங்கும் தீயணைப்பு உருளைகளைச் சோதித்து, அவற்றின் கழுத்தில் இதே போன்ற அட்டையைக் கட்டிவிட்டு வருவதுதான் இருபது ஆண்டுகளாக அவர் பார்க்கும் வேலை. "பதறாதீங்க" என்று தொடங்கி, அங்கே பணிபுரிவோருக்குப் பயிற்சி வகுப்பும் எடுப்பார். எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவரே கதவைத் தட்டி, "அலாரம் வந்திருக்கேன்" என்று சொல்லத் தொடங்கியபின் அதைச் சொல்லிச் சிரிப்பதில் யாருக்கும் சுவை இல்லாமற்போயிற்று.

அவருடைய ஒன்பது வயது மகளுக்கு வேர்க்கடலை ஆகாது; தவறிப் பட்டு மூச்சடைத்தால் உடனே தொடையில் குத்துவதற்குத்தான் அந்தப் பேனாக்கள். ஆகாது என்றால் இரண்டு தும்மல், சிறிது அரிப்பு என்றே நான் எண்ணியிருந்தேன். "துளி பட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று அவரிடமே கேட்ட அறிவாளி நான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தீயும் துளியாத்தான் பத்தும், பெரியம்மா" என்றார். மறுநாளே என்னையும் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

வகுப்பு அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. மாணவர்கள் நான்கு பேர்: வாயிற்காவலர், கீழ்த்தளத்துத் தையற்காரர், 'சான்றிதழ் கிடைக்குமா' என்று முதலிலேயே கேட்டுவிட்ட ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நான். ஊசி இல்லாத பயிற்சிப் பேனா ஒன்றைக் கையில் கொடுத்து, தலையணையைத் தொடையாகப் பாவித்துக் குத்தச் சொன்னார். "மூடி இருக்கற பக்கத்துல ஊசி வராது. எதிர்ப் பக்கத்துலதான் வரும். கட்டைவிரல எந்த முனையிலயும் வைக்காதீங்க. கைப்பிடி மாதிரி முழுசாப் பிடிங்க. துணிக்கு மேலயே குத்தலாம்." காவலர் ஒரே முறையில் தேறினார். நான் மூன்று வாரம் தேறவில்லை.

"தலையணைகிட்ட மன்னிப்பா கேக்கறீங்க? இது தபால்தலை ஒட்டற வேலை இல்ல பெரியம்மா, அழுத்துங்க."

ஏன் இரண்டு பேனா என்று கேட்டேன். "ஒண்ணு வேலைக்கு. இன்னொண்ணு, அந்த ஒண்ணு வேலைக்காகலைன்னா" என்றார். எனக்கு அது வீண் ஆடம்பரமாகத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை மாலையில் பிஸ்கட் வாங்கி வந்தவள் நான்தான் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 'வாங்கலாம்' என்று அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதலிடத்தில் இருந்த அதே பிஸ்கட். உறையில் மட்டும் 'புதிய சுவை' என்று பெரிய எழுத்துகள் கூடியிருந்தன. கடையில் எடுக்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் மனிதர், அன்று அதை ஒரு பார்வை பார்த்து, "இது நம்ம ஆளுதான். நாலு வருஷமாத் தெரியும்" என்று சொல்லி மகளிடம் கொடுத்தார். தெரிந்தவனிடம் அடையாள அட்டை கேட்பது நமக்கு வழக்கமில்லையே. பொடி எழுத்துகளில் வேர்க்கடலை உட்கார்ந்திருந்தது.

பத்து நிமிடத்தில் உதடு தடித்தது. குழந்தை இருமினாள், குரல் கம்மிற்று. "அப்பா, தொண்டைய யாரோ பிடிக்கறாங்க" என்றாள்.

அலாரம் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. மகளைத் தரையில் படுக்க வைத்தார்; பையைத் திறந்தார்; பேனாவின் மூடியைப் பிடுங்கினார். அதுவரை எல்லாம் வகுப்பில் சொன்னபடியே நடந்தது. அதன்பிறகு இருபது ஆண்டுத் தொழில் கையை வாங்கிக்கொண்டது. தீயணைப்பு உருளையில் ஊக்கைப் பிடுங்கியதும் மேலே அழுத்த வேண்டும். பேனா தலைகீழாகக் கைக்கு வந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. கட்டைவிரலை உச்சியில் வைத்து, மகளின் தொடைமீது ஓங்கி அழுத்தினார். சொடுக்கென்று ஒரு சத்தம். மருந்து முழுவதும் அவர் கட்டைவிரலுக்குள் போய்விட்டது.

"அப்பா, தலைகீழாப் பிடிச்சிருக்கே" என்றாள் குழந்தை, இருமலுக்கு நடுவே.

அவர் வெளுத்துப்போன விரலையே பார்த்தபடி உறைந்துவிட்டார். பிறகு இடக்கையால் இரண்டாவது பேனாவை என்னிடம் நீட்டினார். "பெரியம்மா, நீங்க போடுங்க." வகுப்பிலேயே மக்கு மாணவியிடம்தான் அந்தக் குழந்தையின் மூச்சு வந்து சேர்ந்தது. நான் மூடியைக் கழற்றினேன். எந்தப் பக்கம் மூடி இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தைத் தொடையில் வைத்து அழுத்தினேன். பத்து எண்ணச் சொல்லியிருந்தார். நான் இருபத்திரண்டு எண்ணினேனாம். குழந்தைதான் பின்னாளில் அந்தக் கணக்கைச் சொல்லிச் சிரித்தாள். இதற்குள் அவர் இடக்கையால் ஆம்புலன்சை அழைத்து, முகவரியை மட்டும் தவறில்லாமல் சொல்லி முடித்திருந்தார்.

மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். மகளுக்குக் குரல் தெளிந்துவிட்டது. மீண்டும் ஒரு சுற்று வரலாம் என்று பல மணி நேரம் கண்காணிப்பில் வைத்தார்கள். அந்த மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுமாம்; தகப்பனாரின் விரலுக்கும் இரத்த ஓட்டம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"உங்களுக்கு எதுக்கு இந்த ஊசி போட்டாங்க?" என்று செவிலியர் கேட்டார்.

"போடலை சிஸ்டர். நானே போட்டுக்கிட்டேன்."

மனைவி வேலையிலிருந்து நேராக ஓடி வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். எதற்கும் குரல் உயராது. மகளை முத்தமிட்டார், கணவரின் விரலைத் தூக்கிப் பார்த்தார். "ஊரெல்லாம் போயி பதறாதீங்கன்னு கிளாஸ் எடுக்கறீங்க. நம்ம வீட்டுக்கு எப்ப எடுப்பீங்க?" என்றார். அதன்பிறகுதான் அழுதார்.

ஒரு மாதம் கழித்து, ஒவ்வாமை மருத்துவர் இருவரையும் உட்கார வைத்து வழிகளை எடுத்துரைத்தார். இப்போதுபோலவே விலக்கி வாழலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டு, தவறிப் பட்டாலும் தாங்கும் அளவை உயர்த்த முயலலாம். அல்லது அந்த வேர்க்கடலையையே, பொடியாக, எறும்பு தின்னும் அளவில் மருத்துவமனையிலேயே தொடங்கி, நாள்தோறும் கொடுத்துப் பழக்கலாம். எந்த வழியும் நோயை அடியோடு போக்கிவிடாது. பேனாவும் பையும் கூடவே இருக்கும். எதுவும் வேண்டாம் என்பதும் தவறான முடிவன்று.

"தீப்பெட்டியக் கையில குடுத்து, தினம் ஒரு குச்சி கிழின்னு சொல்றீங்களே டாக்டர்" என்றார் அலாரம்.

"வண்டி கத்துக்கணும்னா ரோட்டுக்குப் போயித்தான் ஆகணும். பக்கத்துல பிரேக் வச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காருவாங்கல்ல" என்றார் மனைவி.

முடிவை மகள் சொன்னாள். பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு அவளுக்குத் தனி மேசை. ஜன்னலோரம், நல்ல காற்று, நல்ல வெளிச்சம்; எதிரே நாற்காலி இல்லை. "எனக்கு அந்த மேசை வேணாம்பா" என்றாள். அவ்வளவுதான்.

வேர்க்கடலைப் பொடி தொடங்கி இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. அளவு கூடும் ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில்; மற்ற நாட்களில் வீட்டில், மாலை ஆறு மணிக்கு. காய்ச்சல் வந்தால் அன்று நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்பார்கள். இருமுறை வயிற்றுவலி வந்து, அளவைக் குறைத்து மீண்டும் ஏறினார்கள். தனி மேசை இன்னும் இருக்கிறது. ஆனால் எதிரே ஒரு நாற்காலி போட ஆசிரியை இசைந்துவிட்டார்.

வகுப்புகளும் நின்றபாடில்லை. தற்போது பாடம் கட்டைவிரலைக் காட்டியே தொடங்குகிறது. "இதோ பாருங்க, இருபது வருஷ அனுபவம். தீயணைப்புல நிபுணர். தன்னைத்தானே குத்திக்கிட்ட ஆளு. நீங்க என்னைவிட மோசமாப் போட முடியாது, தைரியமாப் போடுங்க." நானும் தேறிவிட்டதாக மஞ்சள் அட்டையில் எழுதித் தந்திருக்கிறார். வங்கி மேலாளருக்கு அதில் இன்றளவும் மனத்தாங்கல்.

நேற்று மாலை அங்கே இருந்தேன். மனைவி ஆப்பிள் கூழில் பொடியைக் கலந்தார். மகள் கரண்டியை வாயில் வைத்து விழுங்கினாள். நாக்கை நீட்டிக் காட்டினாள். கதைப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். இனி இரண்டு மணி நேரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது; உடம்பு சூடேறினால் ஒவ்வாமை கிளம்பிவிடலாம். அலாரம் எதிர் நாற்காலியில் அமர்ந்து, அவள் பக்கம் புரட்டும் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பார்த்தார். வலக்கையில் பேனா இருந்தது. நான்கு விரல்களால் அதை இறுகப் பிடித்திருந்தார். கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடித்து ஒளித்து வைத்திருந்தார்.