தாமதத்துக்குக் காரணம்

என் மகள் நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தாள். சரித்திரத்தை மாற்றிய பெண்களைப் பற்றியது. குதிரைமேல் ஒருத்தி, சிம்மாசனத்தில் ஒருத்தி, சோதனைக்குழாயோடு ஒருத்தி. இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஆறு வருஷம் என் பஸ்ஸில் விசில் ஊதிய கண்டக்டரம்மாவுக்கு அதில் அரைப்பக்கம்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் ஓட்டுகிற கையால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் டிப்போவில் சேர்ந்த முதல் பெண் அவள். எனக்குத் தங்கச்சி வயது என்பதால் அவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒல்லி உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். மாமியார், கைக்குழந்தை, படுத்த படுக்கையான மாமனார் என்று அவள் சம்பளத்தை நம்பி ஒரு வீடே இருந்தது. வேலை நிரந்தரமாக ஒரு வருஷம் ஆகும். அதுவரை ஃபைலில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எங்கள் வழித்தடத்தின் இரண்டு முனையிலும் கழிப்பறை கிடையாது. எங்களுக்கு நீளமாக ஒரு சுவர் இருந்தது. அவளுக்கு எதுவும் இல்லை. காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியம் இரண்டு மணிவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். நான் பாட்டிலை நீட்டினால் "தாகமில்லண்ணே" என்பாள். மரமண்டை நான், அதையும் நம்பினேன்.

நாலாவது மாதம் குளிர்ஜுரத்தில் சுருண்டு விழுந்தாள். சிறுநீரகத்தில் தொற்று, இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீரகமே போய்விடும், தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்று டாக்டர் திட்டி அனுப்பினார்.

குடித்தாள். கடைசி நிறுத்தத்திலிருந்து பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குப் போய்வர ஒன்பது நிமிஷம். எங்களுக்கு விட்டிருந்த நேரமோ ஐந்து. ஒவ்வொரு நடையும் நாலு நிமிஷம் பிந்தியது.

டிரிப் ஷீட்டில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. என்ன நடந்தாலும் அதில் எல்லோரும் 'போக்குவரத்து நெரிசல்' என்றுதான் எழுதுவோம். டீ குடித்தாலும் நெரிசல், வழியில் மச்சானைப் பார்த்துக் கதையளந்தாலும் நெரிசல். ஈ காக்கை இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் ஷீட்டில் நெரிசல் பிதுங்கும். அவள் குண்டு குண்டு எழுத்தில் 'சிறுநீர் கழிக்கச் சென்றேன்' என்று எழுதினாள்.

டைம் கீப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, இதையெல்லாமா எழுதுவாங்க?"

"காரணம் கேட்டிருக்கு. எழுதியிருக்கேன்."

அந்த மனுஷன் அதை நகைச்சுவைத் துணுக்காக்கி, போகிற டிப்போவிலெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

இரண்டு மாதத்தில் விசாரணைக் கடிதம் வந்தது. "நெரிசல்னு போட்டுத் தொலையேன்மா. நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அதுக்குள்ள கிட்னி போயிட்டா என்ன பண்றதுண்ணே?"

மேலாளர் கெட்டவர் இல்லை, வம்பு வேண்டாம் என்கிற ரகம். "நெரிசல்னு மாத்தி எழுதிக் குடுத்துடும்மா, ஃபைலை மூடிடறேன்" என்றார்.

"நெரிசல்னு எழுதினா பாலம் கட்டுவாங்க சார். எனக்கு வேண்டியது கக்கூஸ்."

அவர் சாட்சிக்கு வந்திருந்த என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. அந்த ரூட்ல நெரிசல் உண்டுதானே?"

ஆமாம் என்றால் அவள் வேலை தப்பும். ஆனால் அவள் எழுதியது அத்தனையும் பொய்யாகிவிடும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடியக்காலைல அந்த ரோட்டுல நாய்கூட குறுக்க வராது சார். பதினோரு வருஷமா நான் எழுதின நெரிசல் எல்லாம் டீதான்."

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஃபைல் தலைமை அலுவலகத்துக்குப் போனது. ஒரு மாதம் இரண்டு பேர் வீட்டிலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, மேசைமேல் ஒரு கட்டுக் காகிதத்தைப் போட்டார். எல்லாம் வேறு டிப்போக்களின் டிரிப் ஷீட்டுகள். "நாப்பத்தோரு பேர். எல்லாரும் பொம்பளைங்க. நீதான் தூண்டிவிட்டியான்னு மேலிடத்துல கேக்கறாங்க."

டைம் கீப்பரின் துணுக்கு வேலை செய்திருக்கிறது! சிரிக்கச் சொன்னதை அந்தப் பெண்கள் சிரிக்காமல் கேட்டிருக்கிறார்கள்.

"நாப்பத்தோரு பேரையுமா வீட்டுக்கு அனுப்ப முடியும்? கட்டித்தான் ஆகணும்" என்று மேலாளரே முணுமுணுத்தார். அந்த வருஷத்துக்குள் எல்லா முனையிலும் கட்டினார்கள், நிறுத்த நேரத்தையும் பத்து நிமிஷமாக்கினார்கள். அவள் வேலையும் நிரந்தரமானது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அவள் அந்தக் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு ஷீட்டாகப் படித்தாள். கிறுக்கல் எழுத்து, சாய்ந்த எழுத்து, நடுங்கிய எழுத்து. எல்லாவற்றிலும் அதே மூன்று சொல். ஒருத்தி மட்டும் பக்கத்தில் 'தினமும்' என்று சேர்த்திருந்தாள். விசாரணையில் கண் கலங்காதவள், அந்த ஷீட்டைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"இவங்கள்ல ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்லையேண்ணே" என்றாள்.