நலங்குக்கு முந்தின ஊசி

துவைச்ச துண்டுங்களை மடிச்சி அடுக்கிக்கினே நடுநடுவுல இதை எழுதுறேன். திருப்பதியில, முகத்துக்கு ஊசி போட்டுச் சுருக்கமும் குழியும் எடுக்கற ஆஸ்பத்திரியில எனக்கு வேலை. ஊசி போடறது டாக்டரம்மா. போட்ட முகத்துல யாரும் கை வைக்காம பாத்துக்கறது என் பாடு. சொந்தக்காரங்க நெறைய இருக்கற வீட்டுல வாழ்க்கைப்பட்டவங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

விழுந்து கும்பிட்டவர்

சித்தூர் காண்ட்ராக்டர் ஒருத்தர் நெத்திச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கினார். "சாயங்காலம் வரைக்கும் படுக்கக் கூடாது, நெத்தியை அழுத்தக் கூடாது"ன்னு டாக்டரம்மா தெலுங்குல சொன்னதை நான் தமிழ்ல சொன்னேன். தலையாட்டினார். வெளியில வந்ததும், வாசல்ல இருக்கற பெருமாள் படத்துக்கு முன்னாடி நெடுஞ்சாண்கிடையா விழுந்து, நெத்தியைத் தரையில அழுத்திட்டார். ஓடிப்போய்த் தூக்கினேன்.

"ஊசி பலிக்கணும்னுதானே உளுந்தேன், அதுக்கும் திட்டுவியாம்மா?"

கல்யாணப் பொண்ணு

நகரி பக்கத்துப் பொண்ணு, பேரு வேணாம். கன்னத்துல சின்ன வயசு அம்மைக் குழி. அதை மேலே தூக்க ஃபில்லர் ஊசி. விசேஷத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே வரணும்னு டாக்டரம்மா எல்லாருக்கும் சொல்லுவாங்க. இவ தேதியை மாத்திச் சொல்லிட்டா. ஊசி முடிஞ்சி நான் ஐஸ் வெக்கறப்பத்தான் அழுதா: "நாளன்னிக்கு எனக்கு நலங்கு, அக்கா. வீட்டுல யாருக்கும் தெரியாது. அத்தைங்களுக்குத் தெரிஞ்சா கல்யாணத்துலயே கேலி பண்ணுவாங்க."

டாக்டரம்மா நல்லா திட்டினாங்க. "வலி ஏறினாலோ, தோல் வெளுத்தாலோ, கண்ணு மங்கினாலோ உடனே ஓடி வா. கன்னத்தை யாரும் தேய்க்கக் கூடாது. மருந்து நகந்து வீங்கிச்சின்னா, அந்த மூஞ்சியோடதான் மணவறையில உக்காரணும்."

எங்க பக்கம் அத்தைங்க மஞ்சளை அள்ளி அழுத்தித்தான் தேய்ப்பாங்க. பொண்ணு கெஞ்சினதால, என் பிள்ளையை இடுப்புல வெச்சிக்கினு நாராயணவனம் சத்திரத்துக்குப் போனேன். நாலு பேர் முன்னாடி எனக்குப் பேச்சே வராது. பெரிய அத்தை கிண்ணத்தோட வந்ததும் எப்படியோ குறுக்கே போய், "கையிலயும் கால்லயும் பூசுங்க, கன்னத்துக்குப் பூவால தொட்டு வெச்சா போதுங்க"ன்னுட்டேன்.

"யாருடி இவ, மாப்பிள்ளை வீட்டு வக்கீலா?"ன்னு ஒருத்தர் கேக்க, சத்திரமே சிரிச்சிச்சு. பெரிய அத்தை சிரிக்கல. பொண்ணு கன்னத்தையே பாத்துக்கினு இருந்தாங்க. அப்புறம் ஒரு சாமந்தியைக் கிள்ளி, மஞ்சள்ல தொட்டு, மெதுவா ஒத்தினாங்க. மத்தவங்க பக்கம் திரும்பினாங்க.

"பூவாலயே வைங்கடி, இன்னிக்கு இப்படித்தான்!"

பெரிய அத்தை

கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு கன்னம் பளிங்கு மாதிரி இருந்துச்சாம். கொஞ்ச நாள் கழிச்சி அதே பெரிய அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னாங்க. சண்டைக்குத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சேன். காதுகிட்ட குனிஞ்சாங்க.

"அம்மை போட்டப்ப வேப்பிலையால தடவினவ நானு. அந்தக் குழி காணோம்னா எனக்குத் தெரியாதா? எனக்கும் போடச் சொல்லு. அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

இப்பல்லாம் கல்யாணம்னு யார் வந்தாலும் தேதியோட சேத்து, வீட்டுல பெரிய அத்தை யாருன்னும் கேட்டுக்கறேன், ஏன்னா அந்த ஒருத்தரை நம்ம பக்கம் பிடிச்சிட்டா மிச்ச அத்தைங்களை அவங்களே— இதோ, டாக்டரம்மா துண்டு கேட்டுக் கூப்பிடுறாங்க