ஆளில்லாத காம்பராவில் அடித்த வெளிச்சம்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்றைக் கேமராவின் தலையில் செருகுவோம், மற்றதை எட்ட நிற்கும் ப்ளாஷில். இங்கே அமுக்கினால் இடையில் வயர் எதுவுமில்லாமல் அங்கே வெளிச்சம் அடிக்கும். அந்த ரேடியோ ட்ரிகரை வாங்கிய காலத்தில் நானும் அக்காவும் தேயிலை மலை நகரமான ஹட்டனில் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினோம். கூடப் பிறந்தவர் அல்ல, தொழில் கூட்டாளி. படம் எடுப்பது நான். வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும் என்பது அவர் பாடு.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், மாப்பிள்ளை தான் பிறந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், படம் எடுக்கவேண்டும் என்றார். பல வருடங்களுக்கு முன் மண் சரிந்து பாதி புதைந்த லயம் அது. குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை; மிச்சமிருந்த காம்பராக்களிலும் இப்போது ஆளில்லை. அவருடைய அம்மா அந்த மண்ணுக்குள் போனவர். மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய அப்பாவால் திரும்பிப் போக முடியவில்லை. மகன் அதை மன்னிக்கவில்லை. கொட்டகலையில் சித்தி வீட்டில் வளர்ந்தார். தூரத்துத் தோட்டமொன்றில் இருந்த அப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகைகூடப் போகவில்லை. இதையெல்லாம் வேனில் வரும்போது அவரே சொன்னார், யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோல.

அக்கா கூரையில்லாத கடைசிக் காம்பராவுக்குள் ப்ளாஷை வைத்துவிட்டு வந்தார். நாலைந்து படங்கள் எடுப்பதற்குள் மூடுபனி இறங்கி லயத்தை மறைத்துவிட்டது. பனி விலகட்டும் என்று கீழே பாதையில் காத்திருந்தோம். ஈரம் படாமலிருக்க என் ட்ரிகரின் பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேமராவைப் பையில் வைத்து மூடினேன்.

அப்போது மேலே வெளிச்சம் அடித்தது. சிறிது நேரம் கழித்து மறுபடியும்.

கல்யாணப் பொண்ணு என்னைப் பார்த்தார். நான் வெறுங்கையைக் காட்டினேன். தேயிலைச் செடிகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. மூன்றாவது முறை அடித்தபோது, எங்கள் தலைக்கு மேல் பனியில் ஒரு மனித நிழல் விழுந்தது. மரத்தளவு உயரம். தலை குனிந்திருந்தது. அக்காதான் ஏறிப் போனார்.

திரும்பி வந்தவர் நேராக மாப்பிள்ளையிடம் போய் நின்றார்.

"மேல உங்க அப்பா நிக்கிறாங்க தம்பி. எறங்கி வரமாட்டேங்கிறாங்க. போறதுன்னா போங்க. இல்லன்னா லைட்டக் கழட்டிக்கிட்டு நாங்க கெளம்புறோம்."

மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பொண்ணுதான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் நடந்தார். பின்னால் அவரும் போனார், நாங்களும் ஏறினோம்.

காம்பரா மூலையில் அந்த மனிதர் கையில் கற்பூரப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். மகனுக்குக் கல்யாணம் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, அந்தச் செய்தியை மனைவியிடம் சொல்லிவிட்டுப் போக, மலைக்கு அந்தப் பக்கத்துக் குறுக்குப் பாதையில் வந்திருக்கிறார். கீழே பேச்சுக்குரல் கேட்டதும், மகன் கண்ணில் படவேண்டாம் என்று திரும்பியும் விட்டாராம்.

"உள்ளருந்து ரெண்டு தடவ வெளிச்சம் வந்துச்சுங்க. அவ கூப்பிடுறான்னு நெனச்சு வந்தேன். இந்தச் சாமானத் தொட்டது ஒரு தடவதான்."

ப்ளாஷின் பின்னாலிருக்கும் பொத்தானில் அவர் கை பட்டிருக்கிறது; மூன்றாவது வெளிச்சத்துக்கு விடை கிடைத்துவிட்டது. மற்ற இரண்டுக்கு? மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். பேட்டரிகள் என் சட்டைப்பையில் கனத்தன. நான் வாயைத் திறக்குமுன் அக்கா என் கையை அழுத்தினார். மகன் இரண்டடி வைத்து அப்பாவின் நனைந்த தோளில் கை வைத்தார். அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

வேறு யாருடைய ட்ரிகராவது அதே சேனலில், எங்கள் அலைவரிசையில், மோதியிருக்கும் என்று அக்கா இன்றும் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அன்று அந்த மலையில் வேறு யாரும் படம் எடுக்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அப்பா இப்போது மகன் வீட்டில்தான் இருக்கிறார். போன மாதம் பேத்தியின் பிறந்தநாளுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மட்டும் ப்ளாஷ் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பாருங்க என்று நான் சொல்லவில்லை.