அஞ்சலை வரவில்லை

ஒட்டுப்பால் நாற்றத்தை எழுத்தில் விளக்க முடியாது. மழையில் ஊறிய ரப்பர்க் கழிவைச் சாக்கில் கட்டி ஒரு மூலையில் போட்டு, அந்த மூலைக்கு எதிரே முப்பது பிள்ளைகளை உட்காரவைத்து அ, ஆ சொல்லச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். மலாயாவில் செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் 'ஆயாக் கொட்டகை'யில் பாதியைத் தட்டியால் மறைத்து அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நானும் என் தங்கை அஞ்சலையும் அங்கே படித்தோம். எனக்குப் பத்து வயது, அவளுக்கு எட்டு.

வாத்தியார் பெரிய கங்காணியின் மச்சான், வேறு தகுதி எதுவும் அவருக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. பால்மரம் வெட்டத் தெரியாது, வெயிலில் நிற்க முடியாது, ஊரிலிருந்து வரும் கடுதாசியை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஆகையால் வாத்தியார். செத்துப்போனவர்களைப் பற்றி மரியாதையாக எழுத வேண்டும் என்கிறார்கள். 'அவர்' என்று எழுதுகிறேனே, அந்த மரியாதை அந்த ஆளுக்குப் போதும்.

அவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் பெயர் கூப்பிடுவது. பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், நாங்கள் எழுந்து 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் 'உள்ளேன்' என்று பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் 'இருக்கேன்' என்போம், 'வந்துட்டேன்' என்போம். அதெல்லாம் அவரிடம் செல்லாது, அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால்தான் பிள்ளை வந்ததாகக் கணக்கு.

அஞ்சலைக்கு வாய் தடுக்கும், அதிலும் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். பாவம், தன் பெயரைச் சொல்லவே அவள் படாத பாடு படுவாள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று 'உ... உ...' என்று கழுத்து நரம்பு புடைக்க முட்டிப்பார்ப்பாள், வராத ஆத்திரத்தில் காலைத் தரையில் உதைப்பாள். "பாத்தியா திமிர!" என்று சொல்லிவிட்டு வாத்தியார் 'வரவில்லை' என்று எழுதுவார். கண்ணெதிரே நிற்கிற பிள்ளை வரவில்லை! அதே பதிவேட்டில், அப்பன் ஆத்தாளோடு கப்பலேறி நாகப்பட்டினத்துக்கே போய்விட்ட மாரிமுத்து மட்டும் ஒருநாள் தவறாமல் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தான், ஏனென்றால் அவனுடைய கூட்டாளி ஒருவன் விளையாட்டாக அவனுக்கும் சேர்த்து 'உள்ளேன் ஐயா' போட்டுவிடுவான். என்ன மூளை, என்ன மூளை!

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால் முடியாது. நெடுநாள் வராத பிள்ளையின் பெயரை வெட்டிவிடுவார்கள், பெயர் வெட்டப்பட்ட பிள்ளை விடியற்காலையில் 'பெரட்டு'க்குப் போய் வேலையாட்கள் வரிசையில் நின்று களை பிடுங்கும் கூட்டத்தில் சேர வேண்டியதுதான். அஞ்சலைக்கோ எழுத்தென்றால் உயிர். அடுப்புச் சாம்பலைப் பரப்பிவைத்து அதில் எழுதுவாள், எழுதுகிற நேரத்தில் அவளுக்கு எந்தத் தடுக்கலும் இருந்ததில்லை.

லயத்தில் எல்லாரும் வைத்தியர்கள்தான். ஒருத்தி வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள், இன்னொருத்தி கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கவைத்தாள். "சோறு திங்கிற வாய்க்குப் பேசுறதுக்கு மட்டும் வலிக்குதா?" என்று அப்பா கேட்பார். ஆளுக்கொரு யோசனை இருந்தது, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

அவள் எங்கள் ஆட்டோடு பேசும்போது தடுக்காது என்பதை நான் கவனித்திருந்தேன், மடமடவென்று பேசுவாள். ஆடு அவளை அவசரப்படுத்தியதில்லை. நான் அவள் முதுகில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் தாளத்தில் சொல்லும் வெளியே வரும் என்பதையும் கண்டுபிடித்தேன். அதேபோல் வாத்தியார் ஒரே மூச்சில், "சிலேட்ட தொட, தண்ணி கொண்டா, ஜன்னல சாத்து" என்று மூன்று வேலை ஏவினால் அவள் முதல் வேலையோடு திகைத்து நின்றுவிடுவாள், அதையே நான் அவள் விரலைப் பிடித்து ஒரு விரலுக்கு ஒரு வேலையாகச் சொன்னால் மூன்றையும் வரிசை தப்பாமல் செய்துவிடுவாள். இன்றைக்கு இதற்கென்று படித்துப் பட்டம் வாங்கிப் பள்ளிக்கூடங்களுக்கு வருகிறார்கள். பத்து வயசுக் கழுதை எனக்குப் புரிந்தது, பிரம்பு பிடித்த அந்த மகானுக்குப் புரியவில்லை.

முதுகில் தட்டி ஒரு வாரம் ஓட்டினோம். ஒரு வாரமும் அஞ்சலை வந்தாள், அதாவது பதிவேட்டில் வந்தாள். பிறகு அவர் பார்த்துவிட்டார். "ரெண்டு பேரும் சேந்து காப்பியா அடிக்கிறீங்க?" என்று ஆளுக்கு நாலு அடி கொடுத்து, அவளைக் கடைசி வரிசைக்கும் என்னை முதல் வரிசைக்கும் தள்ளினார். தான் வந்திருப்பதைத் தானே சொல்வதில் என்ன காப்பி என்று அவரைக் கேட்க அங்கே ஆள் இல்லை. அவளுக்குப் பதில் நானே சொல்லிவிடலாம் என்றும் பார்த்தேன். ஆனால் அஞ்சலை விடமாட்டாள், தானும் எழுந்து 'உ... உ...' என்று முயன்றுகொண்டே இருப்பாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர் தலையைத் தூக்குவார், எனக்கு அடி விழும்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க ஒரு துரைத்தன உத்தியோகஸ்தர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, மூக்கில் கைக்குட்டை. மாரிமுத்து போன்றவர்களைப் பற்றி வாத்தியார் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டார். தலைகளை எண்ணிக்கொண்டே வந்த அதிகாரி கடைசி வரிசையில் நின்றார். "இந்தப் பிள்ளை இந்த மாசம் ஒரு நாளும் வரயில்லை எண்டு கிடக்கு. இப்ப இருக்குதே?"

"அது ஊமைங்க ஐயா. அக்காகூட சும்மா வந்து குந்தியிருக்கு" என்றார் வாத்தியார், கூசாமல்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உன்ர தங்கச்சியோ? இவள் கதைக்க மாட்டாளோ?"

என் வாழ்க்கையில் அத்தனை சுலபமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பேசுவாள், எழுதுவாள், எங்களைவிட நன்றாகவே எழுதுவாள், ஒரு சிலேட்டைக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் பின்னால் வாத்தியார் பிரம்பைக் கை மாற்றிப் பிடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அஞ்சலைதான் எழுந்தாள். 'பே... பே...' என்று 'பேசுவேன்' என்பதற்காக அவள் மூச்சு முட்ட நின்றாள், காலை உதைத்தாள். அதிகாரிக்குத் துரை பங்களாவில் தேநீர் காத்திருந்தது. "சரி, சரி, இரும்" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே மைக்கோலால் பெயரை வெட்டினார்.

திங்கட்கிழமை அவள் பெரட்டில் நின்றாள். அங்கே யாரும் அவளை எதையும் சொல்லச் சொல்லவில்லை, கணக்கெழுதும் கிராணி முகத்தைப் பார்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டார். களை பிடுங்க நாக்கு எதற்கு? அதன் பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேல் அஞ்சலை ஒருநாள் கூட வராமல் இருந்ததில்லை. நான் படித்தேன், பின்னாளில் நானே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் 'டீச்சரம்மா' ஆனேன். சாம்பலில் எழுதிய எழுத்தும் மறந்துபோய், அவள் அடையாள அட்டைக்குக் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்தாள்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. லயம் இருந்த இடத்தில் தொழிற்சாலைகள், ஆயாக் கொட்டகை எந்தச் சுவருக்கு அடியில் போயிற்றென்று எனக்கே தெரியவில்லை, தொலைந்தது சனியன் என்றுதான் சொல்வேன். சென்ற மாதம் ஸ்கூடாயில் அஞ்சலையின் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். அந்தக் குழந்தைக்கும் வாய் தடுக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் இளம்பெண் ஒருத்தி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் வரை வேறெங்கும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சலை கதவோரம் நின்று வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

திரும்பி வரும்போது காரில் என் பக்கம் திரும்பினாள். "அ... அ... அக்கா, அன்னைக்கு நீ ஏன் சொல்லல?"

அறுபது வருஷத்தில் முதல் முறையாகக் கேட்கிறாள்.

"பயமா இருந்துச்சும்மா" என்றேன்.

"எ... எனக்கும் பயந்தான்" என்றாள். "நான் வாயத் தொறந்தேன்ல?"